உலையண்ணன் கேட்ட மன்னிப்பு

அந்தப் பாட்டில் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. உலையண்ணன் என்றால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். உலைப் பிரிவுக்கு மேஸ்திரி அவர்தான், சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கி வழவழத்துக் கிடக்கும் தீத்தழும்பு. சட்டைக் கையை எப்போதும் மடித்தே விட்டிருப்பார். சூட்டுக்கு என்பார். தழும்பு தெரியத்தான் என்று அவர் மனைவிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லிச் சிரித்ததும் இல்லை.

தழும்பின் கதையை அந்தத் தெருவில் குழந்தைகளும் சொல்லும். ஒருநாள் உலையின் பக்கச் சுவரில் செங்கல் விட்டுப்போய், உருகிய கண்ணாடி தேன்போல் வெளியே வழிய ஆரம்பித்தது. எல்லோரும் ஓடினார்கள். உலையண்ணன் மட்டும் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய், சுவரை நனைத்து நனைத்து, வழிகிற கண்ணாடியை வழிந்த இடத்திலேயே உறைய வைத்து, தனியொரு ஆளாக உலையைக் காப்பாற்றினார். கதை அப்படித்தான் போகும்.

உண்மையில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். இன்னொரு குழாயைப் பிடித்து உலையண்ணனின் முதுகை நனைத்துக்கொண்டே நின்றவர் இப்போதைய சங்கச் செயலாளர். பம்பு அருகே நின்றவர் வேலையை விட்டுப்போய், பிறகு செத்தும் போனார். செயலாளர் வாய் திறக்காத மனிதர். உலையண்ணன் பொய் சொல்லவில்லை. யாரோ ஒருவர், “தனியாளா நின்னாருப்பா!” என்று ஆரம்பித்தபோது அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். வருஷங்கள் போகப்போக, அவருக்கே அது அப்படித்தான் நடந்ததாக நினைவு வந்தது.

அவருக்குக் குழந்தை இல்லை. ஒரு தம்பி. அப்பா அம்மா போனபோது தம்பி அரைக்கால் சட்டைப் பையன். உலையண்ணனின் மனைவிதான் அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, ஜுரத்தில் மடியில் போட்டு வளர்த்தாள். “அண்ணி” என்றுதான் கூப்பிடுவான். அடிபட்டால்கூட வாயில் வருவது “அம்மா” இல்லை, “அண்ணி”தான். பெரியவனானதும் அண்ணன் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமாகி நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். நடக்கப் பழகிய பெண்குழந்தை ஒன்று. அது பாதி நாள் பெரியம்மா இடுப்பில்தான் கிடக்கும்.

தம்பிக்கு நல்ல கண். உலையின் மஞ்சள் வெளிச்சத்தை நீலக் கண்ணாடி வழியே பார்த்தே எங்கே சூடு குறைவு, எங்கே செங்கல் தேய்வு என்று சொல்லிவிடுவான். ஒருநாள், “அண்ணே, கீழ்ப்பக்கம் வாய் ஓரத்துச் செங்கல் அரிச்சுப் போயிருக்கு. ஒருதடவை பாரேன்,” என்றான்.

“பார்த்தேன். தாங்கும்,” என்றார் உலையண்ணன்.

அவர் பார்க்கவில்லை. தன் கண்ணுக்குத் தப்பியது தம்பி கண்ணில் பட்டதே என்ற எரிச்சலில் பிறகும் போய்ப் பார்க்கவில்லை.

*

சண்டை நியாயமாகத்தான் ஆரம்பித்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கும்போது சூடான பாட்டில் ஒன்று வெடித்து, சில்லு அவள் கண்ணில் போய்விட்டது. வேகம் குறைகிறது என்று மெஷினின் பாதுகாப்பு வலையைப் புது மேனேஜர் கழற்றச் சொல்லியிருந்தார். உலையண்ணன் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை. மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“வெளிய இருங்க, கூப்பிடறேன்.”

“ஒரு பொண்ணு கண்ணு போயிருக்கு. உங்களுக்குப் போனு முக்கியமா?”

“வெளிய இருங்கன்னு சொன்னேன்.”

உலையண்ணன் நகரவில்லை. மேனேஜர் எழுந்து வந்து, அவர் நெஞ்சில் கையை வைத்து, வராந்தாவுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார். வராந்தாவில் ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

யார் சிரித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு உலையண்ணன் காதை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது சட்டென்று கையை நிறுத்துவார். “என்னங்க?” என்பாள் மனைவி. “ஒண்ணுமில்ல” என்பார். அதுதான் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாளே வேலைநிறுத்தம். வலைகளைத் திரும்ப மாட்ட வேண்டும், உலைச் சூட்டில் நிற்பவர்களுக்கு இடைவேளை வேண்டும், அந்தப் பெண்ணுக்கு வைத்தியமும் வேலையும் வேண்டும். எல்லோரும் ஒரே மனதாக வெளியே வந்தார்கள், உலையைக் காக்கிற சிலரைத் தவிர. அது எந்த வேலைநிறுத்தத்திலும் இரண்டு பக்கமும் மதிக்கிற வழக்கம். கண்ணாடி உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. சூடு இறங்கினால் உள்ளே இருக்கிற கண்ணாடி பாறையாக இறுகிவிடும். செங்கல் சுருங்கி விரிசல் விடும். பிறகு அது உலை இல்லை, கல்லறை. அதனால் முறைவைத்து நாலைந்து பேர் உள்ளே போய்த் தீயைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சில வாரங்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. சங்க அறையில், மின்விசிறி கிறீச்சிட, செயலாளர் செய்தி சொன்னார். “மூணுக்கும் ஒத்துக்கிட்டாங்கண்ணே. வலை நாளைக்கே மாட்டறாங்க.”

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசிலே அடித்தான்.

“மன்னிப்பு?” என்றார் உலையண்ணன்.

கைதட்டல் நின்றது.

“அறைக்கு வாங்க, உட்கார்ந்து வருத்தம் தெரிவிச்சுக்கறேன்னு மேனேஜர் சொல்றார்ணே.”

“தள்ளினது அறைக்கு வெளிய. வருத்தம் மட்டும் அறைக்குள்ளயா? கேட் வாசல்ல, மைக்ல, எல்லார் முன்னாடியும் கேக்கணும்.”

கடைசியில் அந்தப் பேக்கிங் பெண்தான் எழுந்தாள். ஒரு கண்ணில் கட்டு. “அண்ணே, எனக்காகத்தானே ஆரம்பிச்சோம்? எனக்கு இது போதும்ணே. எங்க வீட்ல எல்லாரும் என் கையைத்தான் பார்த்துட்டு இருக்காங்க. வேலைக்குப் போயிடலாம்ணே.”

“உனக்குப் போதும்மா. எனக்குப் போதாது.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. உடனே எழுந்து நின்றார். அவருக்குப் பேசத் தெரியும். “என் நெஞ்சுலயா கை வச்சான்? உங்க ஒவ்வொருத்தர் நெஞ்சுலயும் வச்சான். இன்னிக்கு வலையை மாட்டுவான், நாளைக்குக் கழட்டுவான். வெளிய வந்து தலை குனிஞ்சவன் மறுபடி கழட்ட மாட்டான்!” குரல் ஏற ஏற முகங்கள் மாறின. கால் மணி நேரத்தில், வீட்டில் அடுப்பு எரியாதவனும் சேர்ந்து கை தூக்கினான். கடைசிக் கையாகச் செயலாளர் கையும் உயர்ந்தது. அந்தப் பெண் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் மசியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றார்கள். தெருவில் சத்தம் குறைந்தது. எதிர்வீட்டில் குழந்தைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு குடும்பம் வேறு ஊருக்கே கிளம்பிவிட்டது. கிளம்பும்போது அவர்கள் உலையண்ணன் வீட்டு வாசலைத் தவிர்த்து, சுற்றுவழியாகப் போனார்கள்.

அப்போதுதான் அவர் சொன்னார்: “உலைக்காரங்களும் வெளிய வாங்க.”

செயலாளர் முதல்முறையாக எதிர்த்துப் பேசினார். “அண்ணே, அது வேணாம். அதுல கை வைக்கிறது இல்லைன்னு ஒரு முறை இருக்கு.”

“ஒரே நாள். ஓடி வருவான் பாருங்க. சூடு இறங்க இறங்க அவன் திமிரும் இறங்கும்.”

“தாங்குமா?”

“அது என் உலை. எதுவரைக்கும் தாங்கும்னு எனக்குத் தெரியும்.”

தம்பிதான் அன்று முறையில் இருந்தான். சுடரைக் கடைசி அளவுக்கு இறக்கிவிட்டு வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். யாரையோ உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவன்போல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தானாம்.

*

உலையண்ணன் கணக்கு ஒருவகையில் தப்பவில்லை. மறுநாள் மதியமே மேனேஜர் ஓடி வந்தார்.

கார் இல்லாமல், தனியாக, தெருப் புழுதியில் நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உலையண்ணனின் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

“தப்பு என் மேலதான். அன்னிக்கு உங்க மேல கை வச்சிருக்கக் கூடாது. உங்க வீட்டம்மா முன்னாடியே சொல்றேன், மன்னிச்சிடுங்க. உலைக்கு ஆளை அனுப்புங்க. இன்னிக்கு ராத்திரி தாண்டாதுன்னு இன்ஜினியர் சொல்றார்.”

அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை உலையண்ணன் கேட்டார். நெஞ்சில் ஏதோ இளகியது. அதை அவர் பின்னால் ஒத்துக்கொண்டார். சரி என்று சொல்ல வாய் எடுத்தார். அப்போது தெருவில் பார்வை போனது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை. பக்கத்து வீட்டு வாசலில் ஒருத்தி. இவ்வளவு பேர்தானா? வராந்தாவில் சிரித்தவன் இதைப் பார்க்கவே இல்லையே?

“இங்க இல்ல. நாளைக்குக் காலையில கேட் வாசல்ல சொல்லுங்க. ஆபீஸ்காரங்க எல்லாரும் இருக்கணும். சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் ஆள் உள்ள போகும்.”

“சொல்றேன். நூறு தடவை சொல்றேன். ஆனா ஆளை இப்பவே அனுப்பிடுங்க.”

“நாளைக்குக் காலையில.”

மேனேஜர் போன பிறகு மனைவி நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தாள். “வீடு தேடி வந்து கேட்டாச்சு. இதுக்கு மேல என்னங்க வேணும் உங்களுக்கு?”

“உனக்குப் புரியாது.”

“புரியுது. அதான் பயமா இருக்கு.”

சாயங்காலம் தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். “அண்ணே, அதான் ஒத்துக்கிட்டாரே. நான் உள்ள போய்ச் சுடரை ஏத்தறேன். காலையில நீ கூட்டம் நடத்திக்கோ. யாருக்கும் தெரியாது.”

“தெரிஞ்சா? தலைவர் தம்பியே கருங்காலின்னு பேசுவாங்க.”

“அண்ணே, அந்தக் கீழ்ச் செங்கல்...”

“தாங்கும்னு சொன்னேன்ல?”

“வெடிச்சுக் கிடிச்சு வழிஞ்சாலும் ஒருத்தன் போதும்ணே, பிடிச்சு நிறுத்திடலாம். அன்னிக்கு நீ தனியாத்தானே நிறுத்தின?”

உலையண்ணன் தம்பியைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ‘தனியா இல்லடா, மூணு பேர் இருந்தோம்’ என்று சொன்னால் போதும். அவன் கண்ணில் சின்ன வயதிலிருந்து இருந்த அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

“நான் சொல்லாம உள்ள கால் வச்ச, நீ என் தம்பி இல்ல.”

தம்பி அண்ணியைப் பார்த்து, “வரேன் அண்ணி,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

*

காலையில் கேட் வாசல் நிறைந்துவிட்டது. பலகை போட்டு மேடை, ஒரு மைக். உலையண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் மேடையில் நின்றார். ஆபீஸ் ஆட்களை ஒரு வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கூட்டத்தில் தம்பியைக் காணவில்லை. கோபத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பான், மதியம் அண்ணியை அனுப்பிச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். “அன்னிக்கு நான் உங்க தலைவர்கிட்ட நடந்துகிட்ட விதம்...”

உள்ளே சைரன் அலறியது.

மேனேஜர் நிறுத்தினார். கூட்டம் மொத்தமாகத் தொழிற்சாலைப் பக்கம் திரும்பியது. நாலைந்து பேர் கேட்டை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள்.

உலையண்ணன் மைக்கைப் பிடுங்கினார். “யாரும் நகராதீங்க! இதெல்லாம் ஆபீஸ்காரங்க தந்திரம். பேச்சைக் கலைக்கப் பார்க்கறாங்க. நில்லுங்க! அவர் சொல்லி முடிக்கட்டும்!”

அந்தச் சைரன் தானாக அடிப்பதில்லை. உலைத்தளத்தில் நிற்கிற ஆள் கையால் இழுத்தால்தான் அடிக்கும். அது அவருக்குத் தெரியும். அந்தப் பிரிவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்கு அது நினைவில்லை. ஓடியவர்கள் நின்றார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மேனேஜர் வெளிறிய முகத்துடன், அவசர அவசரமாக, “எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்,” என்றார். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். சைரன் நின்றது.

நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பி மனைவி, குழந்தை இடுப்பில் தொங்க, ஓடிவந்தாள்.

“மாமா! அவர் உள்ள இருக்கார்! நேத்து சாயங்காலமே போயிட்டார், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார். உள்ள அவர் மட்டும்தான் மாமா!”

உலையண்ணன் மேடையிலிருந்து குதித்தாரா, விழுந்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஓடினார். செயலாளர் பின்னால் ஓடினார்.

தம்பி பக்குவமாகத்தான் செய்திருந்தான். காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய், ஒவ்வொரு சுடராக, மெல்ல மெல்ல ஏற்றியிருந்தான். விடிகிறவரை உலை அவன் பேச்சைக் கேட்டது. ஆனால் சுருங்கி, மறுபடி விரிந்த செங்கல் வரிசையில், கீழ்ப்பக்கம் வாய் ஓரத்தில், அரித்துப்போன அந்த இடம் விட்டுப்போனது. அவன் சைரனை இழுத்துவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றான். யாராவது வருவார்கள் என்று ஒரு கையால் சைரனைத் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறான். முதுகை நனைக்க ஆள் இல்லை. தண்ணீரின் அழுத்தம் குறைந்தபோது பம்பைப் பார்க்க ஆள் இல்லை. தரையில் தேங்கிய தண்ணீர்மேல் கண்ணாடி இறங்கி, ஆவி குண்டுபோல் வெடித்திருக்கிறது.

உலையண்ணன் போனபோது வெள்ளை ஆவிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் தம்பி கிடந்தான். அவனை இழுத்தார்கள். செயலாளர் ஒரு குழாயும் மற்றவர்கள் இன்னொன்றுமாகப் பிடித்து, கண்ணாடியை உறைய வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. ஆள் இருந்தால் அது நிற்கக்கூடியதுதான்.

*

ஆஸ்பத்திரியில் தம்பி சில நாள் இருந்தான். தலையும் கைகளும் கட்டுக்குள். வாய் மட்டும் தெரிந்தது. அவன் மனைவி உலையண்ணனை அறைக்குள் விடவில்லை. அவர் வராந்தாவில் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். யார் உள்ளே போனாலும் எழுந்து நின்றார்.

அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது காலில் விழப்போனார். “அம்மாடி, என்னை மன்னிச்சிடும்மா. ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்துட்டுப் போயிடறேன்.”

அவள் காலை இழுத்துக்கொண்டாள். சத்தமே போடாமல் கேட்டாள். “மன்னிப்பா? இங்கயா கேப்பீங்க மாமா? ஆபீஸ்காரங்க யாரும் இல்லையே. மைக் இல்லையே.”

அவர் அப்படியே குனிந்த நிலையில் நின்றார். நிமிர முடியவில்லை.

கடைசியில் தம்பியே கேட்டான். “அண்ணன் வந்துச்சா?” அவள் கதவைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

அவர் கட்டிலருகில் மண்டியிட்டார். தொட இடம் தெரியவில்லை. போர்வை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே,” என்றான் தம்பி. உதடு மட்டும் அசைந்தது. “உலை?”

“இருக்குடா. நல்லா இருக்கு.” உலை செத்துப்போயிருந்தது. விரிசல் விட்டு, வயிறு முழுக்கப் பாறை இறுகிக் கிடந்தது.

“நீ தனியாளா நிறுத்தினியே... என்னால முடியலண்ணே. நான் உன்னை மாதிரி இல்ல.”

“டேய், இல்லடா. கேளுடா. நான் தனியா இல்லடா அன்னிக்கு. மூணு பேர் இருந்தோம். என் முதுகை நனைச்சுக்கிட்டே ஒருத்தர் நின்னார். பம்புல ஒருத்தர் நின்னார். தனியா யாராலயும் முடியாதுடா. என்னாலயும் முடியாது. கேக்குதா? தம்பி, கேக்குதாடா?”

தம்பி மூச்சு ஒருமாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அவன் பதில் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டதா என்று உலையண்ணன் நர்ஸிடம் கேட்டார், டாக்டரிடம் கேட்டார், ஜன்னல் பக்கம் நின்றவளிடமும் கேட்டார். “சொல்லும்மா, அவனுக்குக் கேட்டிருக்குமா?” அவளுக்குக் கேட்டிருந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையைத் தாங்காமல் வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் விடிவதற்குள் தம்பி போய்ச் சேர்ந்தான்.

*

முதலாளி தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தார். பழைய உலை, புதிதாகக் கட்ட முடியாது என்றார். தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. யாரும் உலையண்ணனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவர் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். யாராவது சட்டையைப் பிடித்து உலுக்கமாட்டார்களா என்று அவர் ஏங்கினார். பேக்கிங் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கதவைத் திறந்து, “அண்ணி நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை அதிகாரி வந்தபோது போய் நின்றார். “நான்தாங்க காரணம். என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க.”

அதிகாரி நல்ல மனிதர். “நீங்க அப்ப வேலையிலயே இல்லீங்களே. அவர் அனுமதி இல்லாம உள்ள போயிருக்கார், செங்கல் பழசு, விபத்து. உங்க மேல என்னன்னு எழுதறது? வீட்டுக்குப் போங்க.”

மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். வாசலிலேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நான்தான் கொன்னேன், என் வறட்டு கௌரவம்தான் கொன்னுச்சு,” என்றார். கூட்டம் கூடியது. மனைவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும்தான் பேசினாள்.

“இப்பவும் நீங்கதான் பெரிய ஆளா இருக்கணுமா? தப்புலகூடவா? செத்தது அவன். தாலி இழந்தது அவ. அழுகிற இடத்துலகூட உங்களையே எல்லாரும் பார்க்கணுமா?”

அவர் அன்றிலிருந்து எங்கும் போகவில்லை.

தம்பி மனைவி குழந்தையோடு தன் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். குழந்தை பெரியம்மா இல்லாமல் தூங்காது. உலையண்ணனின் மனைவியும் பெட்டி கட்டினாள்.

“நான்?” என்றார்.

“உங்களை வர வேண்டாம்னு நான் சொல்லல. அவ சொல்லணும். அவ வாயால ‘மாமாவும் வரட்டும்’னு சொல்ற அன்னிக்கு வாங்க.”

“எப்ப சொல்லுவா?”

“தெரியாதுங்க. சொல்லாமலே போனாலும் போகலாம்.”

பெட்டியைத் தூக்கிக்கொடுக்க வந்தார். தம்பி மனைவி அதை அவர் கைபடும் முன் தானே எடுத்துக்கொண்டாள். குழந்தை மட்டும் அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. அதை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியாகக் கிளம்பியவர் செயலாளர். வேறு ஊரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு வந்து, “அண்ணே, நீங்களும் வாங்க. அங்க இன்னொரு ஆள் வேணுங்கறாங்க. தனியா இங்க இருந்து என்ன பண்ணப்போறீங்க?” என்றார்.

“வரல. அவங்க ஊர்ல இருந்து கூப்பிட்டா நான் இங்க இருக்கணும்ல.”

“போன்லதானே கூப்பிடப்போறாங்க? எங்க இருந்தா என்னண்ணே?”

அது சரிதான். ஆனால் வரல என்று சொல்லியாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார். செயலாளர் அன்றைக்குக் குழாய் பிடித்த அதே கையை உலையண்ணனின் தோளில் வைத்து எடுத்துவிட்டுப் போய் லாரியில் ஏறினார்.

லாரி தெருவின் பாதி தூரம் போனபோது, வாசற்படியில் உட்கார்ந்திருந்த உலையண்ணன் எழுந்தார். “நில்லுங்க!” என்றார். குரல் எழும்பவில்லை. வாசலைத் தாண்டி ஓடினார். “நானும் வரேன்! நிறுத்தச் சொல்லுங்க, நானும் வரேன்!” பூட்டிய வீடுகளுக்கு நடுவே, செருப்பில்லாத காலோடு, கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். அவர் தெருமுனைக்கு வந்தபோது லாரி பெரிய சாலையில் கலந்து, எந்த லாரி என்றே தெரியாமல் போய்விட்டது.

சாயங்காலம் வரை அந்த முனையிலேயே நின்றிருந்தார் என்று அங்கே கடை வைத்திருப்பவர் சொன்னார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாராம். அந்த முனையில் எந்தப் பஸ்ஸும் நிற்பதில்லை. கடைக்காரர் அதைச் சொன்னதற்கு, “சரி, பரவாயில்ல,” என்று சொல்லிவிட்டு மறுபடி சாலையைப் பார்த்து நின்றுகொண்டாராம்.